பதினொன்றாவது ஜன்னல்

நாடாவின் ஒரு முனை ஆஸ்வினிடம்,
மறுமுனை என்னிடம்.
இடையில் தார்ன்பெக் மாளிகையின் தெற்கு முகம்,
மழையில் ஊறிய தேன்நிறக் கல்.
வெளியே நூற்று நாற்பத்திரண்டு அடி.
உள்ளே, அறை அறையாக,
சுவர்களின் தடிப்பையும் சேர்த்துக் கூட்டினால்
நூற்று முப்பத்தாறு.
கணக்கு உதைத்தது.
"ஆறடியை யாரோ தின்றுவிட்டார்கள்" என்றான் ஆஸ்வின்
சாண்ட்விச்சைப் பிரித்தபடி.

இந்த வீடு ஒரே நாளில் பிறக்கவில்லை.
வயிற்றுக்குள் ஓக் உத்தரங்களோடு ஒரு பழைய கூடம்,
புகை குடித்துக் கறுத்தது, சற்றே கோணல்.
பின்னால் வந்த எஜமான்
இத்தாலி பார்த்துத் திரும்பியவர்.
கோணலுக்கு வெட்கப்பட்டு
நேராகத் தைத்த ஒரு கல்சட்டையை மாட்டிவிட்டார்:
நான்கு தூண், ஒரு முக்கோண நெற்றி,
மேல்வரிசையில் பதினொரு ஜன்னல்.
வாசலுக்கு நேரே நின்று பார்த்தால்
இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து,
தராசு முள் அசையாது.

கடைசி ஜன்னல் மட்டும் திறக்காது.
அது கல். கல்மேல் கறுப்புச் சாயம்,
சாயத்தின்மேல் வெள்ளைச் சட்டங்கள்,
பாதி இறக்கிய ஒரு திரை,
யாரோ இப்போதுதான் விலக்கிப் பார்த்ததுபோல
அதன் ஓரத்தில் ஒரு மடிப்பு.
பொய்யென்று தெரிந்தும்
புல்வெளியிலிருந்து ஒருமுறை கையசைத்துவிட்டேன்.

வரிக்குப் பயந்து அடைத்தது என்பார்கள் வழிகாட்டிகள்.
அடைக்கவே இல்லை. கட்டும்போதே கல்தான்.
பின்னால் புகைபோக்கி ஏறுகிறது என்று
எல்லோரும் நினைத்திருந்தோம்.

மேலாளர் திருமதி கார்னெட்-பெல்
துணி அலமாரியின் முதுகுப் பலகையைக் கழற்றச் சொன்னார்.
தச்சர் ஜெத்ரோ மூன்று திருகுகளைத் திட்டிக் கழற்றி
நான்காவதை உடைத்தார்.
உள்ளிருந்து ஒரு காற்று,
சோப்பு வாசம், எலி வாசம்.

ஆறடி அகலம், ஒன்பதடி நீளம்.
கட்டில் கால்கள் தரையில் தேய்த்த நான்கு குழி.
ஓர் ஆணி.
மெழுகு வழிந்து உறைந்த செங்கல்.
1788ஆம் வருடக் கணக்குப் புத்தகம் சொல்கிறது:
டாம்சின், சலவை, ஆண்டுக்கு நான்கு பவுன்,
வாரத்துக்கு ஒரு மெழுகுவத்தி.
அதே பக்கத்தில், அடுத்த வரி:
தெற்கு முகப்பில் ஜன்னல் தீட்ட
கறுப்புச் சாயம், ஏழு ஷில்லிங்.

டார்ச்சை உயர்த்தினேன்.
வெளிச்சுவரின் உட்புறக் காரையில்
கரியால்
சரியாக அதே உயரத்தில்
இன்னொரு ஜன்னல்.
சட்டங்கள் நேராக இல்லை.
பன்னிரண்டு கண்ணாடிக்குப் பதில் ஒன்பது.
திரை கிடையாது.
அதன் வழியே ஒரு குன்று, ஒரு வேலி,
மூன்று ஆடுகள். ஒன்றுக்கு ஐந்து கால்,
அல்லது வால் கொஞ்சம் நீண்டுவிட்டது.

தெற்கே குன்றே இல்லை.
ஏரிதான், அதுவும் ஆள் வைத்து வெட்டியது.
சுவரைத் துளைத்தாலும்
அந்த ஆடுகள் தெரிந்திருக்காது.

வரைந்தவள் டாம்சினா,
அவளுக்குப் பின் அந்தக் கட்டிலில் படுத்தவளா,
யாருக்குத் தெரியும்?
சுவரின் தடிப்பு இரண்டடி நாலங்குலம்.
வெளியே ஏணிமேல் ஓவியனும்
உள்ளே கட்டில்மேல் அவளும்
ஒரே மத்தியானம் வரைந்திருக்கலாம்.
தூரிகை உரசும் சத்தமும் கரி உரசும் சத்தமும்
கல்லுக்குள் பாதிவழி வந்து நின்றிருக்கலாம்.
அப்படியெல்லாம் இல்லாமலும் இருக்கலாம்.
ஜெத்ரோ தொப்பியைக் கழற்றினார்,
பிறகு ஏனென்று தெரியாதவர்போல
மறுபடி போட்டுக்கொண்டார்.

மாலையில் வரைபடத்தை விரித்தேன்.
பொய்ஜன்னலுக்குப் புள்ளிக்கோடு, அது எங்கள் வழக்கம்.
வெளிப்புறத்தில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போனேன்.
உட்புறத்துக்கு வந்ததும் பென்சில் நின்றது.
"அதற்கும் புள்ளிதானே?" என்றான் ஆஸ்வின்.

முழுக்கோடாக இழுத்தேன்,
திறந்து மூடும் ஜன்னலுக்கு இழுப்பதுபோல.
திங்கட்கிழமை
திருத்தச் சொல்வார்கள்.